யோபுவின் நண்பர்கள் இன்னும் சாகவில்லை

போன வாரம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் சபைக் குடும்பம்தான். இறந்தவனுக்கு 41 வயது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பயனில்லை. அவனுடைய ஞானஸ்நானத்துக்கு நான் போயிருக்கிறேன். அப்போது அவனுக்கு மூன்று மாதம் இருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து அவனைப் பெற்றவள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டிய மனுஷி. அழாமல் என்ன செய்வாள்?

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். எங்கள் ஐயர் இல்லை, வெளியிலிருந்து வந்தவர். குனிந்து அந்த அம்மாளின் தோளைத் தட்டி, சுற்றி இருந்தவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "அம்மா, அழக்கூடாது. விசுவாசிங்க அழக்கூடாது. அவிசுவாசிங்கதான் இப்படி அழுவாங்க. எங்கே, ஸ்தோத்திரம்னு மூணு தரம் சொல்லுங்க."

அந்தத் தாய் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு தலைப்பை எடுத்துவிட்டு மூன்று தரம் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாருக்குப் பயந்து வாய்ப்பாடு ஒப்பிக்குமே, அப்படி. அவர் திருப்தியோடு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கேயே வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள், என் வயதை ஒட்டியவர்கள். கோபம் வந்தால் வரட்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நாத்திகம் பேசவில்லை. 76 வயதில் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனைக்குப் போகிறவன். பாமாலையும் கீர்த்தனையும் இல்லாமல் என் வீட்டில் ராத்திரி ஜெபம் முடிந்ததில்லை. கஷ்ட காலத்தில் கிறிஸ்தவ விசுவாசம் பலம் தருமா என்றால், தரும். என் வீட்டிலேயே பார்த்தேன். அந்தப் பலத்தைக் கஷ்டப்படுகிறவர்களிடமிருந்து பிடுங்குகிறவர்கள் யார் என்பதுதான் என் வழக்கு. பிடுங்குகிறவர்கள் வெளியாட்கள் இல்லை. பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு நம் நடு வீட்டில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள்தான்.

என் மனைவிக்கு 2013-ல் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சர்க்கரை வியாதி செய்த வேலை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒரு தரத்துக்கு நாலு மணி நேரம். இடது கையில் ரத்தக்குழாயை இணைத்து ஒரு சின்ன ஆபரேஷன் செய்வார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தம்புரா தந்தி மாதிரி அதிரும். நாள் முழுக்கக் குடிக்கிற தண்ணீர், காப்பி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டருக்கு மேல் போகக்கூடாது. சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் முக்கால் லிட்டர் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது. பார்க்க வந்தவர்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல் வாழைப்பழமும் இளநீரும்தான் வாங்கி வந்தார்கள். அன்போடு வந்தது, குறை சொல்லவில்லை. நாங்கள் வாங்கி வைத்துக்கொண்டு தெருப்பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.

பழம் கொண்டுவந்தவர்களால் ஆபத்தில்லை. வசனம் கொண்டுவந்தவர்களில் ஒருவரால் ஆபத்து வந்தது.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அந்த வருஷம் அவளுக்குச் சுகம் தருவேன் என்கிற பொருளில் ஒரு வசனம் வந்திருந்தது. அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தாள். 2014 தபசு காலத்தில் ஒரு நாள் ஓர் ஊழியக்காரர் வீட்டு ஜெபத்துக்கு வந்தார். பேர் வேண்டாம். அட்டையைப் பார்த்தார். "கர்த்தர் வாக்குக் கொடுத்திருக்கிறார் சிஸ்டர். நீங்க மெஷினை நம்புறீங்க. ரெண்டு படகில் கால் வைக்காதீங்க" என்றார். அதோடு நிற்கவில்லை. அறிக்கையிடாத பாவம் ஏதாவது குடும்பத்தில் இருக்கிறதா என்று என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார். காணிக்கைக் கவரை வாங்கிக்கொண்டு போனார்.

அவள் அடுத்த முறை டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்றாள். நான் சண்டை போட்டேன். ஆனால் முழு மனதோடு போடவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது, ஒருவேளை நடந்துவிட்டால் என்று. இரண்டு முறை தவறிப்போயிற்று. ஐந்தாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு அவளால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது. கால் இரண்டும் வீங்கி, நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டுவிட்டது. பக்கத்து வீட்டு முஸ்லிம் தம்பிதான் காரை எடுத்தான். போகிற வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்திருந்த பிடி இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் வார்டில் மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, எனக்கு விசுவாசம் பத்தலைன்னு அவரு சொல்லிட்டுப் போனாரே. ஆண்டவரும் அப்படித்தான் நினைப்பாரா?"

நுரையீரலில் கோத்த தண்ணீரை மெஷின் நாலு மணி நேரத்தில் இறக்கிவிட்டது. இந்தக் கேள்வியை இறக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உடம்பு போனது போதாதென்று, கடைசியாகப் பிடித்துக்கொள்ள இருந்த ஒரே கையையும் அவளிடமிருந்து பறித்துவிட்டுப் போனார் அந்த மனிதர். அற்புதம் நடந்தால் மகிமை ஊழியத்துக்கு, நடக்காவிட்டால் பழி நோயாளியின் விசுவாசத்துக்கு. இப்படி ஒரு கணக்கை எங்கள் தபால் ஆபீஸில் எழுதியிருந்தால் சஸ்பெண்ட் செய்திருப்பார்கள்.

இவர்கள் படிக்கிற பைபிளும் நாம் படிக்கிற பைபிளும் ஒன்றுதானா என்று எனக்குச் சந்தேகம். பவுல் அப்போஸ்தலரின் உறுமாலைக் கொண்டுபோய் வைத்தாலே வியாதியஸ்தர் சுகமானார்கள் என்று எழுதியிருக்கிறது. சரி. அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் பத்தவில்லையா, பவுலுக்குப் பத்தவில்லையா? தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக்கோளாறு. "அறிக்கையிடாத பாவம் உண்டா" என்று பவுல் கேட்கவில்லை. வெறும் தண்ணீரை விட்டுக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று கைவைத்தியம் சொல்கிறார். அவருக்கே சரீரத்தில் ஒரு முள். மூன்று தரம் கேட்டும் அது எடுக்கப்படவில்லை. கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. இதையெல்லாம் மேடையில் ஏன் வாசிப்பதில்லை?

துக்க வீட்டில் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் மனதில் வைத்திருந்ததும் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினதுதான். நம்பிக்கையற்றவர்கள் துக்கிக்கிற விதமாகத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அங்கே இருக்கிறது. துக்கிக்கவே கூடாது என்று எங்கே இருக்கிறது? லாசருவை இன்னும் சில நிமிஷத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும், பெத்தானியாவில் இயேசு கண்ணீர் விட்டார். மார்த்தாளும் மரியாளும் 'நீர் இங்கே இருந்திருந்தால் தம்பி செத்திருக்கமாட்டானே' என்று ஆளுக்கொரு தரம் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். நம் பக்கத்துப் பெண்கள் ஒப்பாரியில் கேட்கிற கேள்விதான் அது. அவர் அவர்களை அதட்டவில்லை, மூன்று தரம் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லவும் இல்லை.

யோபுவின் கதைக்கு வருகிறேன். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள். அவர்கள் வந்த முதல் ஏழு நாளும் நல்லவர்களாகவே இருந்தார்கள். யோபுவோடு தரையில் உட்கார்ந்தார்கள். ஏழு பகல் ஏழு ராத்திரி ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் வினை. நீ ஏதோ தப்புச் செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் கடவுள் இப்படிச் செய்யமாட்டார் என்று பக்கம் பக்கமாக, அழகான மொழியில், பக்தியோடு பேசினார்கள். யோபு பதிலுக்குக் கடவுளோடேயே வழக்காடினான். பிறந்த நாளைச் சபித்தான். என்ன நியாயம் இது என்று கேட்டான். கடைசியில் தீர்ப்பு என்ன? கேள்வி கேட்ட யோபு நிதானமாய்ப் பேசினான் என்றும், கடவுளுக்கு வக்காலத்து வாங்கிய மூன்று பேரும் அப்படிப் பேசவில்லை என்றும் கடவுளே சொல்கிறார். அவர்கள் மேல் கோபம் மூண்டது என்கிறார். அவர்களுக்காக யோபு ஜெபிக்க வேண்டியதாயிற்று. அந்த மூவரும் செத்துப் பல நூறு தலைமுறை ஆகியிருக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் துக்க வீடுதோறும் நடமாடுகிறார்கள்.

2004 டிசம்பர் 26-ஐ மறந்திருக்கமாட்டீர்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. வேளாங்கண்ணியில் பூசைக்கு வந்தவர்கள் கடற்கரையில் நின்றிருந்தார்கள். குளச்சலிலும் மணக்குடியிலும் கொட்டில்பாட்டிலும் மீனவர் வீடுகளில் முந்தின நாள் பலகாரம்கூடத் தீர்ந்திருக்காது. அலை வந்து எத்தனை பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிற்று! குழி வெட்ட நேரமில்லாமல் ஒரே குழியில் அடுக்கினார்கள். அந்த வாரமே ஒருவர் மேடையில் "இது தேவனுடைய நியாயத்தீர்ப்பு" என்று முழங்கியதை நான் என் காதால் கேட்டேன். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசியபோது இயேசு என்ன சொன்னார்? எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார். இதற்குமேல் தெளிவாக எப்படிச் சொல்வது?

மருந்து விஷயத்துக்கும் வருகிறேன். மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்கிறவர்கள், இந்தப் பக்கத்தில் சுவிசேஷம் எந்தக் கையோடு வந்தது என்று கொஞ்சம் யோசிக்கவேண்டும். நெய்யூரில் 1838-ல் மிஷனரிகள் வைத்தியம் தொடங்கினார்கள். எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் 1922-ல் மலையிலிருந்து இறங்கி ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, சீமையில் கிடைத்திருக்கக்கூடிய பெரிய உத்தியோகத்தை விட்டு இங்கேயே வேலைக்கு வந்தார். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தது இன்றைக்கு எப்படி நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கு ஜெபிக்கத் தெரியாதா? ஜெபித்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரிகளில் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் வந்து ஆஸ்பத்திரி அவிசுவாசம் என்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறது. ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நம் பாட்டிமார் பார்த்திருக்கக்கூடும். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப்போன இடத்தில், அந்தி இருட்டில் வெட்டிப்போட்டிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. 1951 ஜனவரியில் இறக்கிறவரை, ஏறத்தாழ இருபது வருஷம், பெரும்பாலும் அந்த ஒரு அறைதான் அவருக்கு உலகம். அவர் வளர்த்த அத்தனை பிள்ளைகளும் ஜெபித்தார்கள். சுகம் வரவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்காவது நாக்கு எழுமா? படுக்கையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். 1933-ல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' நோயாளிகளுக்கு ஒரு நோயாளி எழுதிய கடிதங்கள். நோயாளிகளுக்கென்று வருகிற ஆறுதல் எழுத்தெல்லாம் சுகமாயிருக்கிறவர்கள் எழுதுவதாக இருக்கிறது, அது உள்ளே இறங்குவதில்லை என்பது அவருடைய குறை. என் மனைவிக்கு அதில் சில பக்கங்களை நான் தமிழில் சொல்லிக் காட்டியபோது, "இந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

மற்றவரைப் பேசிவிட்டு என்னைப் பேசாமல் விட்டால் நியாயமில்லை. 1989-ல் என்னோடு வேலை பார்த்த ஒரு சார்ட்டருடைய மகன் ஆற்றில் மூழ்கி இறந்தான். பன்னிரண்டு வயது. நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். அவர் சித்தம், என்ன செய்ய?" என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். எனக்கு அப்போது அது மரியாதைக் குறைவாகத் தோன்றியது. வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லிக் குறைப்பட்டேன். யோபு தன் பிள்ளைகளை இழந்து தான் சொன்ன வார்த்தை அது, அவன் சொல்லலாம். பிள்ளைகள் எல்லாம் உயிரோடு இருக்கிற நான் அதை எடுத்து அடுத்தவன் மேல் வீசலாமா? வெள்ளைச் சட்டைக்காரரைத் துக்க வீட்டில் நான் தட்டிக் கேட்காததற்கு ஒரு காரணம், அவரிடம் 1989-ல் இருந்த என் முகத்தைப் பார்த்ததுதான். அந்தச் சார்ட்டரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு உறைப்பதற்குள் அவரும் போய்விட்டார்.

"அப்படியானால் அற்புதம் நடக்காது என்கிறீரா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நடக்கும் என்றுதான் நானும் ஒவ்வொரு ராத்திரியும் கேட்டேன். கேட்பது வேறு, வராததற்கு நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வேறு. கன்வென்ஷன் பந்தலில் சாட்சி சொல்லக் குணமானவர்களைத்தான் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். குணமாகாமலே பதினைந்து வருஷம் கட்டிலில் கிடந்து, இன்னும் காலையில் எழுந்ததும் ஜெபம் பண்ணுகிற கிழவிக்கு மைக் கிடையாது. எனக்கு அந்தச் சாட்சியைக் கேட்கத்தான் ஆசை.

என் மனைவிக்கு மைக் இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

அவளுக்குப் பலம் திரும்பி வந்தது ஒரு சங்கீதத்தினால். 88-ஆம் சங்கீதம். அதை வாசித்துப் பாருங்கள். மற்றச் சங்கீதங்கள் அழுகையில் ஆரம்பித்து எங்கேயாவது ஒரு துதியில் போய் நிற்கும். இது இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. தற்செயலாகப் புரட்டிவிட்டு இரண்டு தரம் வாசித்தாள். பிறகு சிரித்தாள். "ஏங்க, இதையும் பைபிள்லதான வச்சிருக்காக. இப்படியும் அவருகிட்டப் பேசலாம்போல" என்றாள். அன்றைக்கு ராத்திரி அவள் ஜெபம் பண்ணினதை நான் பாதித் தூக்கத்தில் கேட்டேன். ஜெபம் என்று சொல்ல முடியாது, சண்டை. தாகத்தைப் பற்றி, என்னை யார் பார்த்துக்கொள்வார் என்பதைப் பற்றி, அந்த அட்டையைப் பற்றி. ஏன் அந்த அட்டையை என் கையில் கொடுத்தீர் என்று கேட்டாள். காலையில் எழுந்து, பல நாளுக்குப் பிறகு, அவளே காப்பி போட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு டயாலிசிஸும் தவறவில்லை. மெஷின் ஓடும்போது குளிர் எடுக்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கீர்த்தனைகளை வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பாள். அடுத்த கட்டிலில் ஒரு லோடுமேன் பையன், 26 வயது. அவனுக்குக் கோயிலும் கிடையாது, சாமியும் கிடையாது. "ஆச்சி, சத்தமாத்தான் பாடுங்களேன், நேரம் போகும்" என்பான். அவன் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. நர்ஸ் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, பாடவும் இல்லை. வெள்ளிக்கிழமை அவன் கட்டிலில் புதிதாக ஓர் அம்மாள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். இவள் தன் இடது கையை நீட்டி, "தொட்டுப் பாருங்க, வலிக்காது, வீணை மாதிரி இருக்கும்" என்றாள்.

ஐயர் மாதம் ஒரு தரம் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவருவார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். திராட்சரசம் வாங்கிக் குடித்துவிட்டு, ஆமென் சொன்ன கையோடு என்னைப் பார்த்து, "இதையும் முக்கால் லிட்டர்ல சேத்துக்கிடுங்க" என்பாள். ஐயர் சிரித்துவிடுவார்.

2016 நவம்பரில் போனாள். எனக்கு அவள் விட்டுப்போன கேள்விகள் எதற்கும் பதில் கிடைக்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அடக்கத்தின்போது என்னிடமும் ஒருவர், அழாதீர்கள், சாட்சியாக இருங்கள் என்றார். நான் அவருக்குப் பதில் சொல்லாமல் நன்றாக அழுதேன்.

அந்த 41 வயதுக்காரனின் தாய் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர்கள் பக்கத்து வீட்டில் இருந்து நேற்றுப் போன் வந்தது. நாளை மத்தியானம் போகலாமென்று இருக்கிறேன். மருமகளிடம் கொஞ்சம் ரசமும் சுட்ட அப்பளமும் கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். பைபிள் பையிலேயே இருக்கட்டும். அந்த அம்மாள் கேட்டால் எடுக்கிறேன்.